பிறர் எழுதிய நிரலைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள்: கொங்குநாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர்களுக்கும் ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரங்களில் மென்பொருள் வேலை செய்கிறவர்கள் நாங்கள். எங்களில் சிலர் பனியன் கம்பெனிகளுக்கும் நூல் மில்களுக்கும் கணக்கு, சரக்கு இருப்பு மென்பொருள்களைப் பராமரிக்கிறோம். சிலர் பம்பு ஸ்டார்ட்டர், மோட்டார் பேனல், தறி இவற்றின் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்குள் ஓடும் நிரலைக் கவனிக்கிறோம். படிப்பு முடித்த உங்கள் மாணவர்கள் வந்து உட்காருவது எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நான்கு ஆண்டுப் படிப்பில் மூன்றே மூன்று ஆய்வக வகுப்புகளை, ஏற்கனவே எழுதப்பட்ட நிரலைப் படிப்பதற்கென்று ஒதுக்குங்கள். படிக்கும் முறையாக, எந்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரல் பகுதி) எதை அழைக்கிறது, எப்போது அழைக்கிறது, எத்தனை முறை அழைக்கிறது என்பதை மாணவர் தாமே படமாக்க வேண்டும். அந்தப் படத்துக்குப் பெயர் அழைப்பு வரைபடம்.

இன்றைய ஆய்வகப் பட்டியலில் உள்ள பயிற்சிகள் பெரும்பாலும் வெற்றுத் திரையில் தொடங்குகின்றன. ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட் என்று அறுபது எழுபது வரி எழுதி, வெளியீட்டைக் காட்டி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் பயிற்சி முடிந்துவிடும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் நிலைமை தலைகீழ். யாரோ பத்து வருடத்துக்கு முன் எழுதிய ஐம்பதாயிரம் வரி முன்னால் கிடக்கும். "சிப்மென்ட் தேதியை மாற்றினால் இன்வாய்ஸ் தொகை மாறிவிடுகிறது, பாருங்கள்" என்பார்கள். மாற்ற வேண்டியது மூன்று வரியாக இருக்கும், அந்த மூன்று வரி எங்கே என்பதுதான் முழு வேலை. மாணவர், நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷனைத் திறந்து மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்குவார். ஐந்தாவது கோப்புக்குப் போவதற்குள் முதல் கோப்பு நினைவிலிருந்து நழுவிவிடும். பிறகு கண்ட இடமெல்லாம், மதிப்புகளைத் திரையில் காட்டும் பிரிண்ட்எஃப் வரியைப் போடுவார். அவர் திறமைக் குறைவானவர் இல்லை. எங்கே நுழைவது, எதைப் படிக்காமல் விடலாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

அழைப்பு வரைபடத்தின் அடிப்படை எளிது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு கட்டம், அழைப்புக்கு ஓர் அம்பு. ஆனால் அந்தப் படம் இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. மூல நிரலை ஓட்டாமலே, எழுத்தைப் படித்து வரைவது ஒன்று, அது நிலைப்படம். நிரலை ஓடவிட்டு, நடந்த அழைப்புகளைத் தடமாகப் பதிந்து வரைவது மற்றொன்று, அது ஓட்டப்படம். கீழ்பவானிப் பாசனத்தைத் தெரிந்த மாணவர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். வாய்க்கால் வரைபடத்தில் ஒற்றைப்படை மதகுகளும் இரட்டைப்படை மதகுகளும் சேர்ந்தே இருக்கும், மொத்தம் 2,07,000 ஏக்கர். ஆனால் ஒரு முறைக்குத் தண்ணீர் பாய்வது அதில் பாதி, 1,03,500 ஏக்கருக்குத்தான். வரைபடத்தைப் பார்த்தால் தண்ணீர் எங்கெல்லாம் போகக்கூடும் என்று தெரியும். இன்று எந்த மதகு திறந்திருக்கிறது என்பதைக் கரையில் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். நிலைப்படம் வாய்க்கால் வரைபடத்தைப் போன்றது. ஓட்டப்படம் கரையில் நடந்தவர் எழுதிவந்த குறிப்பு.

இரண்டில் எதுவும் தனியாகப் போதாது. நிலைப்படம் எல்லா நிரலுக்கும் மிகச் சரியாக அமைவது இயலாது. நிரலின் நடத்தையைப் பற்றிய கேள்விகளுக்குப் பொதுவான தீர்வுமுறை கிடையாது என்று ரைஸ் என்ற கணிதவியலாளர் 1953-இல் வெளியிட்ட தேற்றம் இங்கேயும் வந்து நிற்கிறது. அதனால் கருவிகள் கூடுதல் அம்புகளை வரையும், அல்லது சிலவற்றை விட்டுவிடும். ஓட்டப்படமோ நீங்கள் ஓட்டிய அந்த ஒரு ஓட்டத்தை மட்டுமே சொல்லும். மாதக் கடைசியில் மட்டும் அழைக்கப்படும் ஃபங்ஷன் இன்றைய தடத்தில் இருக்காது. இல்லை என்பதற்காக அதை அழித்துவிடக் கூடாது.

பயிற்சிக்கு நாங்கள் பரிந்துரைப்பது கிலோ என்ற சிறிய டெக்ஸ்ட் எடிட்டர். ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கிய சால்வடோர் சான்ஃபிலிப்போ சி மொழியில் எழுதியது. ஒரே கோப்பு. குறிப்புரைகளையும் காலி வரிகளையும் நீக்கி எண்ணினால் 1000 வரிக்குள் அடங்கும், தனி லைப்ரரி எதுவும் வேண்டாம். மாணவர் படித்து முடிக்கக்கூடிய அளவு. அதே சமயம் சிக்னல், வெளியேறும்போது ஓடும் ஃபங்ஷன், தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன் என்று பெரிய நிரலில் வரும் சிக்கல் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ஃபங்ஷன் பெயர்களையும் கட்டளைகளையும் இந்த மடலில் ஒலிப்படி எழுதுகிறோம். சரியான எழுத்துக்கூட்டலை மூல நிரலிலும் மேன் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்பு நிலைப்படத்துக்கு. கணினியைத் தொடும் முன் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்: "ஒரு விசையை அழுத்தினால், கோப்பின் உள்ளடக்கம் மாறும் இடம் எது?" இந்தக் கேள்வி இல்லாமல் வரைந்தால் எல்லா ஃபங்ஷனும் எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கும் ஒரு நூல் சிக்கல்தான் மிஞ்சும். சுவரில் ஒட்ட அழகாக இருக்கும், எதையும் சொல்லாது. எங்கள் அனுபவத்தில் ஒரு ஏ4 தாளில் 25 கட்டத்துக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை.

பிறகு குனு சிஃப்ளோவை ஓட்டச் சொல்லுங்கள். சி கோப்பைக் கொடுத்தால் மெயினில் தொடங்கி, அழைப்புகளை உள்தள்ளிய மரமாக அச்சிடும். ஆழத்தை 3 என்று கட்டுப்படுத்தலாம். திருப்பிப் போடும் விருப்பைக் கொடுத்தால் ஒரு ஃபங்ஷனை யார் யார் அழைக்கிறார்கள் என்று கீழிருந்து மேலாகக் காட்டும். பராமரிப்பு வேலையில் எங்களுக்கு இந்தத் தலைகீழ் மரம்தான் அதிகம் பயன்படுகிறது. ஒரு ஃபங்ஷனைத் திருத்தினால் யாருக்கெல்லாம் அடி விழும் என்பதற்கான விடை அதில் இருக்கிறது. தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன்களுக்குப் பக்கத்தில் ஆர் என்ற குறியீட்டையும் சிஃப்ளோ போடும், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மரத்தைப் பார்த்தபின், மூல நிரலிலிருந்து ஆவணமும் படமும் உருவாக்கும் டாக்ஸிஜன். அமைப்புக் கோப்பில் நான்கு வரியை மாற்றினால் போதும்: ஹேவ் டாட், கால் கிராஃப், காலர் கிராஃப், எக்ஸ்ட்ராக்ட் ஆல், நான்குக்கும் 'யெஸ்' என்று கொடுக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்ட் ஆல் மறந்துபோனால், குறிப்புரை எழுதப்படாத ஃபங்ஷன்கள் ஆவணத்துக்கே வராது. "படம் வரவில்லை சார்" என்று மாணவர் வந்து நிற்பதற்கு முதல் காரணம் அது. இரண்டாவது காரணம் கிராஃப்விஸ் நிறுவப்படாதது. டாக்ஸிஜன் படத்தை வரைவதில்லை, கிராஃப்விஸ் தொகுப்பில் உள்ள டாட் நிரலிடம் கொடுத்து வரைய வைக்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு படத்தில் அதிகபட்சக் கட்டங்கள் 50 என்று முன்னிருப்பாக வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் படம் வெட்டப்படும், வெட்டப்பட்ட இடத்தில் கட்டத்துக்குச் சிவப்பு ஓரம் இருக்கும். சிவப்பைக் கவனிக்காமல் "இந்த ஃபங்ஷன் வேறு எதையும் அழைக்கவில்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இப்போது மாணவரிடம் இரண்டு ஃபங்ஷன்களைக் காட்டுங்கள். ஒன்று 'ஹேண்டில் சிக் வின்ச்', மற்றது 'எடிட்டர் அட் எக்ஸிட்'. இவற்றை நேரடியாக அழைக்கும் வரி நிரலில் எங்கும் கிடையாது. முதலாவது, 'இனிட் எடிட்டர்' உள்ளே சிக்னலுக்குப் பதிவு செய்யப்படுகிறது. ஜன்னல் அளவு மாறினால் இயக்குதளத்தின் மையமான கெர்னல் அதை எழுப்பும். இரண்டாவது, 'எனேபிள் ரா மோட்' உள்ளே அட்எக்ஸிட் மூலம் பதிவாகிறது. நிரல் முடியும்போது சி லைப்ரரி அதை ஓட்டும். நிலைப்படக் கருவிகளில் சில இவற்றுக்கு அம்பே இல்லாமல் விடும். சில, பதிவு செய்த இடத்தையே அழைத்த இடம்போலக் காட்டும். இரண்டும் உண்மை இல்லை. ஏன் இல்லை என்று மாணவர் தன் சொல்லில் எழுதிவிட்டால் முதல் வகுப்பு வெற்றி.

இரண்டாவது வகுப்புக்கு மூன்று மணி நேரம் முழுதாக வேண்டும். சரக்கு இருப்பது இங்கேதான்.

சி கம்பைலரான ஜிசிசியில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபங்ஷன்ஸ் என்றொரு விருப்பு உண்டு. அதைக் கொடுத்துக் கம்பைல் செய்தால், ஒவ்வொரு ஃபங்ஷனின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் நாம் எழுதிய இரண்டு ஃபங்ஷன்களைக் கம்பைலரே அழைக்க வைத்துவிடும். அவற்றின் பெயர்கள் 'சிக் ப்ரொஃபைல் ஃபங்க் என்டர்', 'எக்ஸிட்' என்று முடியும், முன்னால் இரட்டை அடிக்கோடு வரும். இரண்டுக்கும் இரண்டிரண்டு முகவரிகள் கிடைக்கும்: ஓடும் ஃபங்ஷனின் முகவரி, அது அழைக்கப்பட்ட இடத்தின் முகவரி. மாணவர் எழுத வேண்டியது நாற்பது வரிக்குள் ஒரு தனிக் கோப்பு. நுழைவுக்கு ஈ, வெளியேற்றத்துக்கு எக்ஸ், பிறகு இரண்டு முகவரிகள், ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி.

இதில் கை சுடும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பதிவு செய்யும் ஃபங்ஷன்களுக்கு 'நோ இன்ஸ்ட்ருமென்ட் ஃபங்ஷன்' என்ற அட்ரிப்யூட் கட்டாயம். மறந்தால் பதிவு ஃபங்ஷன் தன் நுழைவையே பதிய முயன்று, அதற்குள் மறுபடி பதிய முயன்று, ஸ்டாக் (முடியாத அழைப்புகளுக்கான நினைவிடம்) நிரம்பிச் சாகும். தடத்தைத் திரையில் எழுதக் கூடாது. கிலோ அதே திரையில்தான் எஸ்கேப் குறியீடுகளால் எழுத்துகளை வரைகிறது, இரண்டும் கலந்தால் எதுவும் தெரியாது. கோப்பில் எழுத வேண்டும். அதையும் எஃப்பிரிண்ட்எஃப் வழியாக எழுதினால் இரண்டு தொல்லை. நிரல் இடையில் செத்தால் பஃபரில் தேங்கிய கடைசி வரிகள் தொலைந்துபோகும், நமக்குத் தேவையானது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகள்தான். தவிர, சிக்னல் ஹேண்ட்லருக்குள் எஃப்பிரிண்ட்எஃப் அழைப்பது பாதுகாப்பானது அல்ல. நேராக ரைட் சிஸ்டம் கால் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கம்பைல் செய்யும்போது டீபக் தகவல் வேண்டும், ஆப்டிமைசேஷன் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், நிரலின் முகவரிகள் இடம்பெயராமல் இருக்க 'நோ பை' விருப்பைக் கொடுக்க வேண்டும். உபுண்டுவில் ஜிசிசி முன்னிருப்பாக இடம்பெயரக்கூடிய நிரலைத்தான் உருவாக்குகிறது. அப்படி விட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் முகவரிகள் மாறும், 'ஆட்டர் டூ லைன்' கருவிக்குக் கொடுத்தால் இரண்டு கேள்விக்குறிகள்தான் பதிலாக வரும். முகவரியைப் பெயராக்குவது அந்தக் கருவியின் வேலை. அழைத்த இடத்தின் முகவரியைக் கொடுக்கும்போது அதிலிருந்து ஒன்றைக் கழித்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது அழைப்புக்கு அடுத்த கட்டளையின் முகவரி. கழிக்காமல் கொடுத்தால் சில சமயம் அடுத்த வரி எண் வந்து மாணவரைத் தவறான வரிக்கு அனுப்பும்.

முதல் ஓட்டத்திலேயே கோப்பு வீங்கிவிடும். காரணம் 'ஏபி அப்பெண்ட்'. கிலோ ஒவ்வொரு விசைக்கும் திரை முழுவதையும் புதிதாக வரைகிறது. வரைய வேண்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக இந்த ஃபங்ஷன் மூலம் சேர்க்கிறது. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் உள்ள திரையில் கடைசி இரண்டு வரி நிலைப்பட்டைக்குப் போக, 22 வரியும் நிறைந்திருந்தால் ஒரு விசைக்குக் குறைந்தது 1760 அழைப்புகள். நுழைவும் வெளியேற்றமுமாக 3520 வரிகள். வரிக்கு 20 பைட் என்றால் ஒரே விசைக்கு 70 கேபி. இதை மாணவரே கண்டுபிடிக்க விடுங்கள். எந்த ஃபங்ஷன் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரிசைப்படுத்தினால் மேலே வந்து நிற்கும். கண்டுபிடித்தபின் ஜிசிசியின் விலக்குப் பட்டியலில் அதைச் சேர்க்கலாம். அந்தப் பட்டியல் பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே விலக்கிவிடும் என்பதை எச்சரிக்க வேண்டும். 'எடிட்டர் ரோ' என்று கொடுத்தால் அந்த எழுத்துகள் பெயரில் வரும் ஃபங்ஷன்கள் அனைத்தும் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

தடத்தைப் படமாக்க முப்பது வரி பைத்தான் போதும். ஒரு அடுக்கை வைத்துக்கொண்டு, ஈ வந்தால் அடுக்கின் உச்சியிலிருந்து புதிய ஃபங்ஷனுக்கு ஓர் அம்பு எண்ணி, அதை அடுக்கில் ஏற்ற வேண்டும். எக்ஸ் வந்தால் இறக்க வேண்டும். ஒரே அம்பு நூறு முறை வந்தாலும் நூறு கோடுகள் வரையாமல், ஒரு கோட்டின் மேல் எண்ணாக எழுத வேண்டும். கடைசியில் டாட் மொழியில் எழுதி எஸ்விஜி படக்கோப்பு ஆக்கலாம். ஃபங்ஷன் பெயர்கள் நீளமாக இருந்தால் படத்தை மேலிருந்து கீழாக விடாமல் இடமிருந்து வலமாகப் போட்டால் படிக்க எளிது. பல கோப்புகள் உள்ள நிரலில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சட்டம் கட்டலாம். அந்தச் சட்டத்தின் பெயர் கிளஸ்டர் என்று தொடங்காவிட்டால் டாட் சட்டத்தை வரையாது, பிழைச் செய்தியும் தராது.

இப்படி வரைந்த படத்தில் ஒரு பொய் இருக்கும். அதைப் பிடிப்பதுதான் இந்த வகுப்பின் உயிர். கன்ட்ரோல் கியூ அழுத்தி வெளியேறும்போது 'எடிட்டர் ப்ராசஸ் கீபிரஸ்' எக்ஸிட்டை அழைக்கிறது. அது திரும்பி வராது. ஆகவே மெயினுக்கும் அதற்கும் எக்ஸ் வரிகள் தடத்தில் கிடையாது. அடுக்கு இறங்காமலே இருக்க, லைப்ரரி 'எடிட்டர் அட் எக்ஸிட்'டை ஓட்டும். நம் பைத்தான் அதை 'ப்ராசஸ் கீபிரஸ்' அழைத்ததாக அம்பு போடும். அதேபோல ஜன்னலை இழுத்தால், விசைக்காகக் காத்திருக்கும் 'எடிட்டர் ரீட் கீ', சிக்னல் ஹேண்ட்லரை அழைத்ததாகத் தெரியும். அப்படி ஒரு வரி நிரலில் இல்லை. தீர்வு தடத்திலேயே இருக்கிறது: இரண்டாவது முகவரி. இந்த இரண்டு இடத்திலும் அழைத்த இடத்தின் முகவரி சி லைப்ரரிக்குள் விழும், கிலோவுக்குள் விழாது. 'ஆட்டர் டூ லைன்' கேள்விக்குறி காட்டும். அந்த அம்புகளை மட்டும் புள்ளிக்கோடாக்கி, "வெளியிலிருந்து" என்ற தனிக் கட்டத்திலிருந்து வரைய வேண்டும். லாங்ஜம்ப் (பல ஃபங்ஷன்களைத் தாண்டி ஒரேயடியாகத் திரும்பும் சி வசதி) உள்ள நிரலிலும் இதே போல அடுக்கு பிசகும்.

மூன்றாவது வகுப்பில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். குறிப்புரையும் காலி வரியும் இல்லாத இருநூறு வரி சி கோப்பு ஒன்றை கிலோவில் திறந்து, முதல் வரியின் தொடக்கத்தில் சாய்கோடும் நட்சத்திரமும் தட்டச் சொல்லுங்கள். கோப்பு முழுவதும் குறிப்புரை நிறத்துக்கு மாறும். தடத்தில் 'எடிட்டர் அப்டேட் சின்டாக்ஸ்' தன்னைத்தானே அழைத்து அழைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இருநூறு வரை இறங்கியிருக்கும். எழுத்து வண்ணம் தீட்டும் சாதாரண ஃபங்ஷன் என்று நினைத்தது, கோப்பின் நீளத்துக்கு ஏற்ப ஸ்டாக்கைத் தின்கிறது என்பதை மூல நிரலைப் படித்து உணர்வதைவிடப் படத்தில் பார்ப்பது வேகம். அடுத்து, நூறாவது வரியைக் காலியாக்கிவிட்டு அதையே மறுபடி செய்யச் சொல்லுங்கள். சங்கிலி நூறில் அறுந்துபோகும், அதற்குக் கீழே நிறம் மாறாது. ஏன்? படத்தில் பக்கத்திலேயே நிற்கும் 'எடிட்டர் ரோ ஹேஸ் ஓபன் காமென்ட்' என்ற சின்ன ஃபங்ஷனைத் திறந்தால் விடை கிடைக்கும். வரியின் கடைசி எழுத்து குறிப்புரை நிறத்தில் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. காலி வரியில் கடைசி எழுத்தே இல்லை, அதனால் இல்லை என்று சொல்லிவிடுகிறது. முந்தைய வரியின் நிலையைக் காலி வரியும் ஏந்திச் செல்லுமாறு மாற்றி, தடத்தை மறுபடி எடுத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். ஆயிரம் வரியில் மாணவர் உண்மையில் படித்தது நாற்பது ஐம்பது வரியாக இருக்கும். பழைய நிரலில் நாங்கள் தினமும் செய்வது இதுவேதான்.

நிரலில் கை வைக்காமல் தடம் எடுக்கவும் வழி உண்டு. வால்கிரைண்டின் கால்கிரைண்ட் கருவி, கம்பைல் செய்த நிரலை அப்படியே ஓட்டி அழைப்புகளை எண்ணும். கேகேஷ்கிரைண்டில் திறந்தால் ஒரு ஃபங்ஷனைச் சொடுக்கி, அதை அழைத்தவரையும் அது அழைத்தவரையும் படமாகப் பார்க்கலாம். நிரல் பல மடங்கு மெதுவாகும். தவிர, அது காட்டும் எண் நேரத்தைக் குறிப்பதல்ல, கட்டளைகளின் எண்ணிக்கை. ஃபிளேம் கிராஃப் வேறு வகை. பிரெண்டன் கிரெக் 2011-இல் உருவாக்கியது, எங்கே நேரம் போகிறது என்பதற்கானது. அதில் இடமிருந்து வலமாகப் போவது காலம் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அங்கே வரிசை அகரவரிசை, அகலம் மட்டும்தான் அளவு. லினக்ஸின் பெர்ஃப் கருவியில் தடம் எடுக்கும்போது ஃப்ரேம் பாயிண்டரை நீக்காமல் கம்பைல் செய்யாவிட்டால் அடுக்குகள் பாதியில் முறிந்து, அழைத்தவர் யாரென்று தெரியாத துண்டுகள் வரும். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே எஃப்டிரேஸ் என்ற தடமெடுக்கும் கருவி இருக்கிறது. அதன் ஃபங்ஷன் கிராஃப் முறையை இயக்குதளப் பாடத்தில் ஒருமுறை காட்டினாலே போதும், ரீட் அழைத்தால் கெர்னலில் என்னென்ன நடக்கிறது என்பது புத்தகப் படத்திலிருந்து இறங்கி வந்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கு மிக வேண்டிய ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பம்பு ஸ்டார்ட்டரிலும் தறியிலும் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர்களில் நினைவகம் மிகக் குறைவு. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஏடிமெகா 328பி-யில் எஸ்ராம் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) 2 கேபிதான். அங்கே அழைப்பு வரைபடம் புரிந்துகொள்ள மட்டுமல்ல, உயிர்காக்கவும் வேண்டும். ஜிசிசியில் ஸ்டாக் யூசேஜ் விருப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை பைட் ஸ்டாக் எடுக்கிறது என்று தனிக் கோப்பில் எழுதித்தரும். ஜிசிசி 10 முதல் கால்கிராஃப் இன்ஃபோ என்ற விருப்பு, வரைபடத்தையும் சேர்த்தே தருகிறது. மெயினிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பாதையிலும் பைட்டுகளைக் கூட்டினால் மிக ஆழமான பாதை எதுவென்று தெரியும். அதன் மேல் இன்டரப்ட் ஹேண்ட்லரின் ஆழத்தையும் கூட்ட வேண்டும், ஏனென்றால் அது எப்போது வேண்டுமானாலும் உச்சியில் வந்து உட்காரும். கூட்டுத்தொகை, குளோபல் மாறிகள் போக மீதமுள்ள இடத்தைத் தாண்டினால் பலகை எப்போதாவது ஒருமுறை, காரணம் தெரியாமல் ரீசெட் ஆகும். தோட்டத்தில் ராத்திரி மோட்டார் நின்றுபோவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். பாதையில் தன்னை அழைக்கும் ஃபங்ஷனோ ஃபங்ஷன் பாயிண்டரோ இருந்தால் கூட்டலே செல்லாது. அந்த இடத்தை மாணவர் சிவப்பில் குறிக்க வேண்டும்.

அதே பலகையில் ஓட்டத்தடம் எடுக்க யுஆர்ட் என்ற தொடர் இணைப்பு வழியாக அனுப்பலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் போதாது. 115200 பாட் வேகத்தில் ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளோடு 10 பிட், ஆக நொடிக்கு 11520 பைட். ஒரு நிகழ்வுக்கு 5 பைட் என்றால் நொடிக்கு 2304 நிகழ்வுகள்தான். அதற்கு மேல் வந்தால் நிரல் காத்திருக்கும், நேரக் கணக்கு குலையும், பார்க்க வந்த கோளாறே மறைந்துவிடும். கடைசி நூறு இருநூறு நிகழ்வுகளை மட்டும் சுழல் பஃபரில் வைத்து, நின்றபின் வாசிப்பது நல்லது. இரண்டு மூன்று ஃபங்ஷன்கள்தான் சந்தேகம் என்றால், நுழைவில் ஒரு பின்னை உயர்த்தி வெளியேற்றத்தில் தாழ்த்தி லாஜிக் அனலைசரில் பார்ப்பது எல்லாவற்றையும்விடத் துல்லியம்.

மற்ற மொழிகளைப் பற்றிச் சுருக்கமாக. பைத்தானில் 'சிஸ்' மாட்யூலின் செட் ப்ரொஃபைல் பத்து வரியில் தடம் தரும். ஆனால் அது அழைத்த திரெட்டுக்கு மட்டும், மற்றவற்றுக்கு திரெடிங் மாட்யூலில் தனியாகப் போட வேண்டும். டெக்கரேட்டர் சுற்றிய ஃபங்ஷன்களுக்கான அழைப்புகள் பெரும்பாலும் 'ராப்பர்' என்ற ஒரே பெயரில் குவியும். ஜாவாவில் இன்டர்ஃபேஸ் வழி அழைப்புக்கு நிலைப்படம் எல்லா வாரிசுகளுக்கும் அம்பு போடும், ரிஃப்ளெக்ஷனுக்கு ஒன்றும் போடாது. ஜாவாஸ்கிரிப்டில் கால்பேக் ஓடும்போது அதைப் பதிவு செய்தவர் அடுக்கிலிருந்து எப்போதோ போயிருப்பார். பழைய ஃபாக்ஸ்புரோ நிரல் கையில் வந்தால், அழைக்க வேண்டிய பெயர் ஒரு மாறிக்குள் எழுத்தாக, சில சமயம் டேபிளில் ஒரு பதிவாக இருக்கும். அங்கே டேபிளையும் சேர்த்துப் படித்தால்தான் படம் நிறைவடையும்.

மாணவர்கள் இப்போது சாட்பாட்டிடம் நிரலைக் கொடுத்து விளக்கம் கேட்கிறார்கள். கேட்கட்டும், தடுக்க வேண்டியதில்லை. அது சொல்லும் "இது இதை அழைக்கிறது" என்ற வாக்கியம் ஒவ்வொன்றையும் தடத்தில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது.

மதிப்பெண்ணைப் பற்றி: படத்துக்கென்று மதிப்பெண் தராதீர்கள். தந்தால் அடுத்த வருடம் ஒரே எஸ்விஜி எல்லா ரெக்கார்டிலும் ஒட்டியிருக்கும். வைவாவில் கேளுங்கள். நிலைப்படத்தில் உள்ள, ஆனால் ஓட்டப்படத்தில் இல்லாத அம்பு ஒன்றைக் காட்டி, அதை வரவைக்க எந்த விசையை அழுத்த வேண்டும் என்று கேட்கலாம். ஓட்டப்படத்தில் உள்ள, ஆனால் நிலைப்படத்தில் இல்லாத அம்புக்குக் காரணம் கேட்கலாம். படத்திலிருந்து எந்த ஃபங்ஷன்களை நீக்கினாய், ஏன் நீக்கினாய் என்பது எங்களுக்குப் பிடித்த கேள்வி. நீக்கத் தெரிந்தவருக்கு நிரல் புரிந்திருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு கேள்வி கொடுத்தால் படங்களும் வேறாகத்தான் வரும்: கோப்பைச் சேமிப்பது, சொல்லைத் தேடுவது, வரியை உடைப்பது, அம்புக்குறி விசை.

தன்னாட்சிக் கல்லூரிகள் இதை அடுத்த பாடத்திட்டக் குழுவிலேயே சி ஆய்வகத்திலோ மென்பொருள் பொறியியல் ஆய்வகத்திலோ சேர்க்கலாம். பல்கலைக்கழகப் பட்டியலை மாற்ற முடியாத கல்லூரிகள், பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட பயிற்சி என்று ஏற்கனவே நடத்தும் வகுப்புகளில் இதை வைக்கலாம். செலவு எதுவும் இல்லை. ஜிசிசி, சிஃப்ளோ, டாக்ஸிஜன், கிராஃப்விஸ், வால்கிரைண்ட், கேகேஷ்கிரைண்ட் எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள், உபுண்டுவின் களஞ்சியத்திலேயே கிடைப்பவை. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். விண்டோஸ் மட்டும் இருக்கும் ஆய்வகத்தில், அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும், கிலோ அதன் டெர்மினலில் ஓடும். நாலு ஜிபி ரேம் உள்ள பழைய கணினியிலும் மூன்று வகுப்புகளும் நடக்கும்.

தடம் பதியும் சி கோப்பையும் படமாக்கும் பைத்தானையும் எழுதித்தர நாங்கள் தயார். ஆனால் மாணவர் கையில் அவற்றை முதல் நாளே கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். 'நோ இன்ஸ்ட்ருமென்ட்' மறந்து ஒருமுறை ஸ்டாக் நிரம்பிச் சாகட்டும், 'நோ பை' மறந்து ஒருமுறை கேள்விக்குறி வரட்டும். அதன் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுங்கள். முதல் முறை நடத்தும் ஆசிரியருக்குத் துணையாக, சனிக்கிழமைகளில் ஆய்வகத்துக்கு வந்து உட்காரவும் தயாராக இருக்கிறோம். தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொங்குநாட்டில் பிறர் எழுதிய நிரலைப் பராமரிக்கும் நிரலாளர்கள் சிலர்